ஐநாவில் சிங்கப்பூர் அளித்த வாக்கின் காரணம் தமிழிலும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காஸா போர் குறித்து ஐநா பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் பச்சை, சிவப்பு, மஞ்சள் விளக்குகள் எரியும் பலகையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எந்தத் தீர்மானம், அதில் என்ன வாசகம் என்பது மட்டும் கூடவே வருவதில்லை.

2023 அக்டோபர் 27ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். சண்டையை நிறுத்தி உதவிப் பொருள்களை உள்ளே விடக் கோரும் தீர்மானத்தை ஜோர்தான் கொண்டுவந்தது. ஹமாஸின் தாக்குதலைக் கண்டிக்கும் வரியை அதில் சேர்க்க கனடா ஒரு திருத்தம் முன்வைத்தது. சிங்கப்பூர் திருத்தத்தை ஆதரித்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் திருத்தம் தோற்ற பிறகு, மூலத் தீர்மானத்தையும் ஆதரித்தது. இரண்டில் ஒரு வாக்கை மட்டும் பார்த்தவர் நம் நாட்டை ஏதாவதொரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்.

1983இல் கரீபியக் கடலின் சின்னத் தீவு நாடான கிரெனடாவுக்குள் படை அனுப்பிய அமெரிக்காவுக்கு எதிராக வாக்களித்ததும், 2022இல் உக்ரேனுக்குள் படை அனுப்பிய ரஷ்யா மீது தடை விதித்து நான்கு ரஷ்ய வங்கிகளுடன் பரிவர்த்தனையை நிறுத்தியதும் இதே சிங்கப்பூர்தான். பெரிய நாடு சின்ன நாட்டின் எல்லையை மிதித்தால் நாளை நமக்கும் அதே கதி என்பதே அடிப்படை. பாலஸ்தீன விவகாரத்தில் நிலைப்பாடு நகர்ந்தும் இருக்கிறது: 2012இல் பாலஸ்தீனத்திற்குப் வாக்குரிமை இல்லாத பார்வையாளர் நாடு என்ற தகுதி தரும் தீர்மானத்தில் நடுநிலை வகித்தோம், 2024 மே மாதம் அதன் ஐநா உறுப்பினர் தகுதியை ஆதரித்தோம். இந்த மாற்றம் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளியுறவு அமைச்சின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழும் மலாயும் சீனமும் படிக்கும் மூத்தோருக்கு அவை போய்ச் சேர்வதற்குள் வதந்தி முந்திக்கொள்கிறது. தீர்மானத்தின் முக்கிய வரிகள், நம் வாக்கு, காரணம் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் அதே நாளில் நான்கு மொழிகளிலும் வெளியிடலாம்.

வெளிநாட்டுக் கொடியைப் பொது இடத்தில் காட்டக் கூடாது என்ற 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்கிறேன். பல இனத்தார் வாழும் ஊரில் அது தேவை. ஆனால் 2023 அக்டோபரில், மக்கள் கூடிக் கருத்துச் சொல்வதற்கென ஒதுக்கப்பட்ட ஹோங் லிம் பூங்காவில் இப்போர் குறித்த கூட்டங்களுக்கு அனுமதி மறுத்ததை ஏற்க இயலவில்லை. ஏற்பாட்டாளர் சிங்கப்பூரராக இருக்க வேண்டும், சமயத்தைத் தொட்டுப் பேசக் கூடாது என்ற விதிகள் அங்கே ஏற்கெனவே உள்ளன. அவற்றை மீறுபவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். துக்கத்தைச் சொல்ல வருபவர்களுக்கு அந்த இடத்தைத் திறந்துவிடுங்கள்.