சருகை அங்கேயே விடுங்கள்

தோட்டம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உள்ளூர்க் காட்டைப் பார்த்து, மனம் அடங்கி உட்கார ஒரு தோட்டம் போட வேண்டும் என்று நீங்கள் நினைப்பதே பெரிய விஷயம். வரைபடங்களை ஆசையோடுதான் பார்த்தேன். உயர்ந்த மரம், அதன் கீழ் சிறு மரம், புதர், நிழலில் வளரும் செடி என்று அடுக்குகள் எல்லாம் சரி. ஆனால் தரைக்கு வந்ததும் காடு காணாமல் போய்விடுகிறது. வெட்டிவிட்ட புல், நடுவே நேர்கோடாக ஒரு சிமெண்ட் பாதை.

பக்கத்தில் உள்ள காட்டுக்குப் போய் ஒரு பிடி சருகை அள்ளிப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பான இலை. அதற்கடியில் சதை போய் நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சிய இலை. இன்னும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள், அப்புறம் மழை வாசனையோடு கருத்த மண். காலடி ஓசையை உள்வாங்கிக்கொள்வதும் இந்த மெத்தைதான். இதை வாரி எடுத்துவிட்டுச் செயற்கை நீரூற்று வைத்தால் அந்த அமைதி வராது. காற்றடிக்கும் இயந்திரத்தால் சருகை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தியானத் தோட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடவே முடியவில்லை.

டோக்கியோவில் மெய்ஜி ஆலயத்தைச் சூழ்ந்த காடு மனிதர்கள் நட்டது. ஆலயம் 1920-இல் திறக்கப்பட்டது. நன்கொடையாக வந்த மரங்களே ஏறக்குறைய 1 லட்சம். காட்டைத் திட்டமிட்டபோது பிரதமராக இருந்த ஒகுமா, ஓங்கி வளரும் சுகி என்ற ஊசியிலை மரங்கள்தான் வேண்டும் என்றார். அந்த இடத்துக்கு அவை ஆகாது என்று ஹோண்டா செய்ரோக்கு முதலான வனவியலாளர்கள் மறுத்து, அந்த மண்ணில் தானாக விதை விழுந்து முளைக்கும் அகன்ற இலை மரங்களை முதன்மையாக வைத்தார்கள். அங்கே இன்றும் பாதையில் விழும் இலையைப் பெருக்கிக் குப்பைக்கு அனுப்புவதில்லை. மரத்தடிக்கே திருப்பிப் போடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பாதையை வளைத்து விடுங்கள், முடிவு தெரிய வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் ஒரு மரமோ அடர்ந்த புதரோ இருக்கட்டும்; முதுகுப் பக்கம் வெட்டவெளியாக இருந்தால் மனம் அடங்காது. விழுந்த கட்டை ஒன்றாவது உளுத்துப் போகட்டும்.

கடைசியாக, பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘தினமும் சருகு அகற்றுதல்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். ‘பாதைச் சருகை மரத்தடியில் சேர்த்தல்’ என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மரத்தடியில் உட்காரப் பிடித்த ஒருவர்