சாட்சி நேரத்தை எடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ், வருடக் கடைசி ஆராதனைகளுக்குச் சபைகளில் நிகழ்ச்சி நிரல் போடும் நேரம் இது. கடலூர் வட்டாரத்துப் போதகர்களும் கமிட்டிக்காரர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கே எழுதுகிறேன். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து சபைக்குச் சொல்வதுதான் சாட்சி. அந்தச் சாட்சி சொல்லும் நேரத்தை எடுத்துவிடாதீர்கள்.

நான் போகும் சபையில் முன்பெல்லாம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பாதி நேரம் சாட்சிதான். இப்போது கீபோர்டு, டிரம்ஸ், யூடியூப் நேரலை என்று வந்தபிறகு அதற்கு இடமில்லை. நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் எழுதிப் போட்டால், "சுகம் பெற்றதற்காக ஒரு குடும்பத்தார் 500 ரூபாய்" என்று வாசித்துவிட்டு அடுத்த கவருக்குப் போய்விடுகிறார்கள். யாருக்கு என்ன நோய், எப்படித் தவித்தார்கள், எதுவும் பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது.

வேதாகமத்தில் 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று தொடங்கும் 22ஆம் சங்கீதம், 22ஆம் வசனத்தில் 'சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்' என்று திரும்புகிறது. அழுதது தனியாக, துதிப்பது சகோதரர் நடுவில். லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். நன்றியாகச் செலுத்தும் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. ஒரு வீட்டார் ஒரே நாளில் எவ்வளவு சாப்பிட முடியும்? உறவையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்காமல் இருப்பார்களா? அதற்காகவே கர்த்தர் அப்படி வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததே, அப்போது எங்கள் சபையில் ஒரு அக்கா எழுந்தார். அதற்குமுன் அவர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மைக் வேண்டாம் என்றுவிட்டு, முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. மாமியாரை நாற்காலியோட தூக்கி மாடிக்குக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. அவங்கள அனுப்புனது கர்த்தர். ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அதே வெள்ளத்தில் மாடுகளை இழந்த பெரியவர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் நேராக அந்த அக்காவிடம் போனார், வெகுநேரம் பேசினார். அந்தப் பேச்சின் நடுவில்தான் அக்காவின் தையல் மெஷினும் முழுகிப்போனது எனக்குத் தெரியவந்தது. நானும் தையல்காரி. மறுநாளே மெஷினைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். கவரில் எழுதிப் போட்டிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

சாட்சி என்ற பெயரில் சிலர் பெருமை பேசுகிறார்கள், மணிக்கணக்கில் இழுக்கிறார்கள், வேண்டாதவர்களைக் குத்திக்காட்டுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். சரி, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள், முன்கூட்டியே போதகரிடம் சொல்லிவிடட்டும். வெளியே கட்டிய பாக்ஸ் ஸ்பீக்கரையும் நேரலையையும் அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் சகோதர சகோதரிகள் கேட்டால் போதும்.

இந்த 31ஆம் தேதி இரவு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். வயதானவர்களையும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களையும் முதலில் கூப்பிடுங்கள். மேடையேறிப் பழகியவர்கள் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.