ஊரே தூற்றிய படத்தைப் பற்றி

ஆற்காடு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பாலாற்று மணல் காலை பத்து மணிக்கே காலைச் சுடுகிறது.

காட்பாடியில் நண்பர்களுக்கு மைக்கேல் சிமினோவின் அமெரிக்கப் படமான ‘ஹெவன்ஸ் கேட்’ போடலாமா, ஊரே தூற்றிய படமாயிற்றே என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. எந்தப் பிரதி என்பதை மட்டும் பார்த்துக்கொள்.

1980 நவம்பரில் நியூயார்க்கில் வெளியானபோது 219 நிமிடம். ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். 1981 ஏப்ரலில் 149 நிமிடமாக வெட்டிக் கொண்டுவந்தார்கள், அதுவும் ஓடவில்லை. 1 கோடியே 16 லட்சம் டாலரில் முடிய வேண்டிய படம் சுமார் 4 கோடியே 40 லட்சத்தை விழுங்கியது. அமெரிக்க வசூல் 35 லட்சம் அளவில் நின்றது. அன்றைய வசவுகளில் பெரும்பங்கு கணக்குப்பிள்ளையின் கோபம் என்பது என் எண்ணம்.

வெட்டியதால் ஏன் கெட்டது தெரியுமா? படம் வட்டங்களால் ஆனது. தொடக்கத்தில் ஹார்வர்டு மாணவர்கள் புல்வெளியில் மரத்தைச் சுற்றி வால்ட்ஸ் ஆடுகிறார்கள். பிறகு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் குடியேறிய ஏழைகள் சக்கரக்காலணி கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் சுற்றுகிறார்கள், பிடில்காரனும் சக்கரத்தில்தான். கடைசியில் அதே ஜனம், தங்களைக் கொல்ல மாட்டுப்பண்ணை முதலாளிகள் ஏவிய கூலிப்படையை வண்டி கட்டிச் சுற்றி வளைக்கிறது. முதல் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தவனுக்குத்தான் மூன்றாவது வட்டம் வலிக்கும். குறைத்துவிட்டால் வெறும் குதிரை ஓட்டம்.

வில்மோஸ் சிக்மண்டின் ஒளிப்பதிவில் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் கவனி. நெல் மில்லில் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தவிட்டுத் தூசு அந்தரத்தில் நிற்குமே, அப்படி ஒவ்வொரு அறையிலும் காற்றே கண்ணுக்குத் தெரிகிறது. முகம் பாதி இருட்டில் இருக்கும். அது பிழை இல்லை.

நீ எடுக்க வேண்டியது 2012இல் சீரமைத்த 216 நிமிடப் பிரதி. மூல நெகட்டிவ் குறும்பிரதிக்காக வெட்டுப்பட்டுப் போனதால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பாதுகாத்திருந்த மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களை ஸ்கேன் செய்து ஒன்று சேர்த்தார்கள். சுருள்கள் வெவ்வேறு அளவு சுருங்கியிருந்தால் விளிம்பில் நிறம் பிரியும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பழைய பிரதியின் பழுப்பு மங்கலும் இதில் குறைந்து, பச்சையும் நீலமும் தெரிகின்றன. சிலருக்கு அந்தப் பழுப்புதான் பிடிக்கும், எனக்கு இது.

வேட்டியைத் திரையாகக் கட்டாதே. துணி வழியே ஒளி ஊடுருவிப்போய் படம் மங்கும், கறுப்பு சாம்பலாகும். வெள்ளையடித்த சுவர் போதும். புரொஜெக்டரில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடு. இல்லாவிட்டால் வால்ட்ஸ் காட்சி டிவி சீரியல் மாதிரி வழுக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், இழுத்து நிரப்பாதே. வசன எழுத்து கட்டாயம் வேண்டும்: கூட்டக் காட்சிகளில் இரைச்சல் பேச்சை மூழ்கடிக்கிறது. அது படத்தின் நிஜமான குறை, ஒலிபெருக்கியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னும் இரண்டை முன்கூட்டியே சொல்லிவிடு. ஒன்று, இது சரித்திரம் இல்லை. வயோமிங்கில் 1892இல் நிஜமாக நடந்த ஜான்சன் கவுண்டிச் சண்டைதான் படத்தின் கரு. ஆனால் அதில் வரும் நாயகி எல்லா வாட்சன், நாயகன் ஜேம்ஸ் அவெரெல் இருவரும் நிஜத்தில் 1889லேயே தூக்கிலிடப்பட்டவர்கள். இரண்டு, சேவல் சண்டை நிஜம். குதிரைகளும் படப்பிடிப்பில் அடிபட்டன. எவ்வளவு அழகும் அதற்கு ஈடாகாது. விலங்குகளை நேசிக்கும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுக்கொண்டு கூப்பிடு.

கூலிப்படை கொல்ல வேண்டிய 125 பேரின் பட்டியலை ஜனங்களுக்கு வாசித்துக் காட்டும் காட்சி முடிந்ததும் இடைவேளை விடு. ஆறே முக்காலுக்குத் தொடங்கினால், கால் மணி இடைவேளையோடு பத்தரை தாண்டிவிடும். வாலாஜா, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு பஸ் இருக்குமா என்று விசாரித்து வை. நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் ஆற்காட்டு நண்பன்