விழுந்த மரத்துக்கு வயது உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சின்னத் தீவு நாடுகளின் விளைநிலம் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், கரீபியன் கடலில் இருக்கிற கிரெனடாவின் பெயரைப் பார்த்ததும் இரண்டு முறை படித்தேன். குலசேகரம் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக ஜாதிக்காய் போட்டிருப்பவன் நான். தங்கள் தேசியக்கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கிற நாடு அது.

கட்டுரையாளர் 'நிரந்தரப் பயிர் நிலம்' என்று ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். ஒருமுறை நட்டுவிட்டால் அறுவடைக்குப் பிறகு மறுபடி நட வேண்டாத கோகோ, தென்னை, ஜாதிக்காய் போன்றவை நிற்கும் நிலம். சரி, ஆனால் அந்தக் கணக்கில் கிரெனடா பட்ட பாடு தெரியவே தெரியாது.

344 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. நம் குமரி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் மலைச்சரிவு, அதனால் மண்ணைப் பிடித்து நிறுத்த மரப்பயிர்தான் தோது. ஜாதிக்காய் விளைச்சலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் அடித்தது. ஜாதிக்காய் மரத்தின் வேர் ஆழம் போகாது, மேலாகப் படரும். தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. மறு ஜூலையில் எமிலி என்று இன்னொரு புயல்.

அப்புறம் கன்று நட்டால் ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். விதைக்கன்று என்றால் பூக்கும் வரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஆண் என்றால் காய்க்காது, அத்தனை வருடமும் வீண். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே! பலர் கோகோவுக்கு மாறினார்கள். அதுவும் நிரந்தரப் பயிர்தான். ஆக, ஜாதிக்காய் போய்க் கோகோ வந்தாலும் பட்டியலில் அதே பரப்பு, அதே எண்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் எங்கள் தோப்பில் பதினொரு ஜாதி மரங்களைச் சாய்த்தது. அப்பா ஒட்டுக்கட்டிய மரங்கள் அவை. விடிந்து போய்ப் பார்த்தபோது வேர் வானம் பார்த்துக் கிடந்தது. வெடித்த காய்களில் ஜாதிபத்திரி சிவப்பாக, ஈரமாக, மண் ஒட்டிக் கிடந்தது. அம்மா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கெடுக்க வந்தவர் எத்தனை மரம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை வருட மரம் என்று கேட்கவில்லை. முந்தின வருடம் நட்ட கன்றும், இருபது வருடமாகக் காய்த்த மரமும் ஒரே பட்டியலில் ஒரே விலைக்குப் போயின.

நிவாரணம் என்பது புது மரம் காய்க்கும் வரை வருடா வருடம் வர வேண்டிய பணம். அதற்குப் பட்டியலில் மரத்தின் வயது இருக்க வேண்டும். 2024 ஜூலையில் பெரில் புயல் கிரெனடாவின் வடபகுதியை அடித்தது. அங்கே மறுபடி கன்று நட்டவர்கள் இந்த இடைப்பட்ட வருடங்களை எப்படி ஓட்டுகிறார்கள், அவர்கள் அரசு என்ன கொடுக்கிறது என்று விசாரித்து ஒரு கட்டுரை போடுங்கள். எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாதிக்காய் விவசாயி ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.