தீயலுக்குத் தேங்காயை ஓவனில் வறுக்கலாம், தங்கம்

நாகர்கோவில்

அன்புள்ள தங்கத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. உடனே பதில் போட நினைத்தேன், அதற்குள் அண்ணன் மகள் வளைகாப்பு வந்துவிட்டது. வீடு கொள்ளாத கூட்டம். நேற்று சாயங்காலம்தான் கடைசி வண்டி கிளம்பியது. இன்றைக்கு யாருக்கும் காப்பி போட வேண்டாம் என்ற சந்தோஷத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் முழங்கால். டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். மாடி ஏறாதே என்றால் நீ கேட்கமாட்டாய், துணி காயப்போடுகிற வேலையையாவது பேரனிடம் தள்ளிவிடு. நம் ஹாஸ்டல் ரோஸ்லினை வடசேரி சந்தையில் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே வேக நடை, அதே குரல். "தங்கம் தாம்பரத்துலேயே செட்டில் ஆயிட்டாளா?" என்று கேட்டாள். மகன் வீட்டில் இருக்கிறாள், மனசு மட்டும் இங்கேதான் கிடக்கிறது என்றேன். சரிதானே?

உன் கடிதத்தில் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் ஆசையாக வாங்கிய ஓவனில் நாலைந்து தடவை கேக் போட்டதோடு சரி, இப்போது அதன் தலையில் மிக்ஸி ஜாரும் வயிற்றில் வாணலியும் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பல வீட்டில் இதே கதைதான். கேக்குக்கென்று வாங்குவார்கள், கேக் சலித்ததும் அது அலமாரியாகிவிடும். என் வீட்டில் அது பெரும்பாலும் தினமும் ஓடுகிறது. கேக் போட்டு எவ்வளவோ நாளாகிறது. கிழங்கு, தேங்காய், கப்பலண்டி (உங்கள் பக்கத்து வேர்க்கடலை), மீன், இதற்கெல்லாம்தான் ஓடுகிறது. "நம்ம சாப்பாட்டுக்கு அதுல என்ன வேலை?" என்று கேட்டிருந்தாயே, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாணலியை வெளியே எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார். மேலேயும் கீழேயும் கம்பிகள் இருக்கும். பின்சுவரிலோ பக்கச்சுவரிலோ சின்னக் காற்றாடி ஒன்று இருந்தால் அது கன்வெக்‌ஷன் ஓவன். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வெப்பச்சலனம் நடத்தியவளிடம் இதைக் கேட்டுவிட்டாய், பாடம் எடுக்காமல் விடமாட்டேன். எந்தப் பண்டத்தைச் சூட்டில் வைத்தாலும் அதன் மேலே ஈரமும் குளிர்ச்சியுமான ஒரு காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கம்பி மட்டும் காய்ந்தால் அந்தப் படலத்தைத் தாண்டிச் சூடு உள்ளே போக நேரமாகும். காற்றாடி அந்தப் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. மேல்தோலில் தண்ணீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவந்து வாசனை எழ அந்த இடம் 140 டிகிரி பக்கம் வர வேண்டும். தண்ணீர் சீக்கிரம் போனால் சிவப்பதும் சீக்கிரம். அதனால்தான் சாதா ஓவனுக்கு 200 டிகிரி என்று புத்தகம் சொன்னால் காற்றாடி ஓவனில் 180 வைத்தால் போதும் என்கிறார்கள்.

இது ஒன்றும் புது வித்தையும் இல்லை. 1945-லேயே மாக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறையவைத்த சாப்பாட்டைச் சூடாக்க, காற்றாடி வைத்த சின்ன அடுப்பைச் செய்துவிட்டார். இப்போது எல்லாரும் வாங்குகிற ஏர் ஃப்ரையரும் இதே சங்கதிதான். பெட்டி சிறிசு, காற்றாடி தலைக்கு மேலே, காற்று வேகம் அதிகம். மகன் அதையும் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இருப்பதே போதும்.

இனி தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற நம் தீயல் குழம்புக்கு வருகிறேன். தேங்காய் வறுக்கிற பாடு உனக்குத் தெரியாததா? தீயைக் குறைத்து வைத்து, கையை எடுக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். நடுவில் ஒரு போன் வந்தால் போச்சு, அடியில் கருகல், மேலே வெள்ளை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நீ அடுப்படியில் நிற்கிறாய் என்று படித்தபோதே இதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு முறி தேங்காயைப் பூவாகத் துருவி ஓவன் தட்டில் பரப்பு. தட்டின் அடி அங்கங்கே தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். காற்றாடியைப் போட்டு 150 டிகிரி வை, தட்டு நடுத்தட்டில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவில் லேசாக ஆவி படியும். அப்புறம் அது மறைந்து, புட்டுக்குத் துருவும்போது வருகிற பச்சை வாசனை போய், எண்ணெய் வாசனை எழும். அப்போது தட்டை வெளியே இழு. ஓரம் பழுத்திருக்கும், நடு வெள்ளையாக இருக்கும். தோசைத் திருப்பியால் ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே வை. ஐந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே வேலை. மற்ற நேரம் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளி (சின்ன வெங்காயம்) உரிக்கலாம், பேப்பர் படிக்கலாம். மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். தேங்காய் முற்றலா இளசா என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

ஆனால் கடைசிக் கட்டத்தில் எழுந்து போகாதே. பொன்னிறத்திலிருந்து தீயலுக்கு வேண்டிய அந்த அடர்ந்த காப்பிப்பொடி நிறத்துக்கு வர இரண்டு மூன்று நிமிஷம்தான், அதைத் தாண்டினால் கசப்பு. வெளியே எடுத்ததும் வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டின் சூட்டிலேயே இன்னும் கருக்கும். மல்லியையும் மிளகாய் வற்றலையும் எப்போதும்போல வாணலியிலேயே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வறுத்துக்கொள். மிளகாயை ஓவனுக்குள் விட்டால் வீடு முழுக்க இருமல்தான்.

அரைக்கும்போது பார், தண்ணீர் விடாமலே எண்ணெய் கசிந்து விழுது பளபளவென்று வரும். எல்லாத் துருவலும் ஒரே நிறத்தில் வறுபட்டிருப்பதால் குழம்பில் கசப்பு எட்டிப் பார்ப்பதில்லை. உன் அம்மா விறகடுப்பில் வைத்த தீயலுக்கு ஈடாகுமா என்று கேட்காதே. அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது. என் கேஸ் அடுப்புத் தீயலைவிட இது மேல், அவ்வளவுதான் சொல்வேன்.

அடுத்தது சீனிக்கிழங்கு, அங்கே சர்க்கரைவள்ளி என்பார்கள். இதற்கு ஓவனை முன்கூட்டிச் சூடாக்கவே வேண்டாம். கழுவித் துடைத்து, முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டு, தோலோடு கம்பித்தட்டில் வைத்து 180 டிகிரி. நடுத்தரக் கிழங்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கீழே ஒரு தட்டு வைத்துவிடு, வெட்டுப்பட்ட இடத்தில் பாகு கசிந்து சொட்டும். குக்கரில் அவித்ததைவிட இது தித்திப்பு என்று பேரன் சொல்லுவான் பார். அதற்கும் காரணம் உண்டு. கிழங்குக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற நொதி ஒன்று இருக்கிறது. அது வேலை செய்வது 60-லிருந்து 75 டிகிரி சூட்டில். குக்கரில் அந்தச் சூட்டைக் கிழங்கு சட்டென்று தாண்டிவிடும். ஓவனில் மெதுவாகத் தாண்டுவதால் நொதிக்கு வேலை பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

கப்பலண்டி சுலபம். 160 டிகிரி, கால் மணி நேரம், நடுவில் ஒரு கிளறல். உப்புக் கப்பலண்டி வேண்டுமென்றால் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பிசிறிவிட்டு வை. சூடாக இருக்கும்போது நமுத்த மாதிரிதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வறுக்கட்டும் என்று விட்டுவிடாதே, கருகிவிடும்.

மீன் உனக்கு அங்கே எப்படிக் கிடைக்கிறதோ தெரியவில்லை. மத்தி என்று கேட்டால் தருவார்கள், நம்ம சாளைதான். மிளகு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சின்ன உள்ளி எல்லாம் அரைத்துத் தடவி அரை மணி நேரம் ஊறவிடு. தட்டில் வாழையிலைத் துண்டு விரித்து அதன்மேல் அடுக்கினால் தோல் ஒட்டாது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வை. நெருக்கி அடுக்கினால் ஆவி போக வழியில்லாமல் மீன் வெந்துவிடும், வறுபடாது. 200 டிகிரியில் கால் மணி நேரம், கடைசி மூன்று நிமிஷம் மேல்கம்பி மட்டும். சாளையிலேயே எண்ணெய் இருப்பதால் மேலே தடவ ஒரு ஸ்பூன் போதும். வேலை முடிந்ததும் ஒரு கிண்ணத் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டு, நாற்றம் குறையும். மருமகள் மறுநாள் கேக் போடுகிறேன் என்று வந்தால் மீன் வாசனைக் கேக் ஆகிவிடக் கூடாதல்லவா!

எண்ணெயே வேண்டாம், எல்லாவற்றையும் இதிலேயே செய்யலாம் என்று சொல்கிறவர்களை மட்டும் நம்பாதே. சேப்பங்கிழங்கை அவித்து மசாலா பிரட்டி வைக்கலாம், அருமையாக வரும். ஆனால் அரைக்கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயாவது வேண்டும். இல்லையென்றால் மிளகாய்த்தூள் காய்ந்து பச்சையாக நாக்கில் நிற்கும். வடையை உள்ளே வைத்தால் பருப்பு பிஸ்கட்தான் கிடைக்கும். பஜ்ஜி மாவு தட்டில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். வடை ஆசை வந்தால் எண்ணெய்ச் சட்டி வைத்து இரண்டே இரண்டு சாப்பிடு, டாக்டரிடம் நான் சொல்லமாட்டேன். கத்தரிக்காய் ஓவனில் நன்றாக வேகும், ஆனால் புகை வாசனை வராது. துவையலுக்கு நான் இன்னும் கேஸ் தீயில்தான் சுடுகிறேன்.

கறிவேப்பிலைக்கு ஒரு எச்சரிக்கை. காற்றாடி ஓடும்போது வைத்தால் இலை பறந்து கம்பியில் விழுந்து கருகும். மற்ற சமையல் முடிந்து ஓவனை அணைத்த பிறகு, மிச்சச் சூட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்து. பொடிக்கு வேண்டிய அளவு சுருங்கிக் காய்ந்துவிடும்.

கரண்ட் பில் பற்றிக் கேட்டிருந்தாய். 1600 வாட் ஓவன் அரை மணி நேரம் விடாமல் எரிந்தால்கூட 0.8 யூனிட். உண்மையில் சூடு ஏறியதும் கம்பி அணைந்து அணைந்து எரியும், அதனால் இன்னும் குறைவு. அதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் முக்கியம். பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதே. சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வை. தலையில் இருக்கிற மிக்ஸி ஜாரை இறக்கு, பிளாஸ்டிக் மூடி உருகிவிடும். கதவுக் கண்ணாடி சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைக்காதே, விரிசல் விடும். பேரனைக் கிட்டே விடாதே.

டிகிரி எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. சின்ன ஓவன்களில் குமிழ் காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்காது. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டால் தெரிந்துவிடும். என்னுடையதில் பின்பக்க இடது மூலை எப்போதும் முந்திச் சிவக்கும், தட்டை நடுவில் ஒருமுறை திருப்பி வைக்கிறேன். உன்னுடையதில் எந்த மூலை என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், தேதி சொல்லவில்லையே ஏட்டி. சீக்கிரம் எழுது. தேங்காய் விற்கிற விலையில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். உனக்குத் தீயல் சுண்டைக்காயா, உள்ளியா?

உன்
ஜெயா