எத்தனை பேருக்கு டிக்கெட் எடுக்கட்டும்

லட்லோ
ஜூலை, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் முந்தி மாதிரியேதான். உன் மெசேஜ் கிடைத்தது. ஓகஸ்ட் இரண்டாம் கிழமை "நாங்கள் மூன்று பேரும் ரயிலில் வருகிறோம்" என்று எழுதியிருந்தாய். சந்தோசம். போனிலேயே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது, அதனால் கடிதமாக எழுதுகிறேன். பிள்ளைகளை எங்கெங்கே கூட்டிப் போவது என்று இங்கே ஒழுங்கு செய்ய வேண்டும். எல்லாம் ஆட்கணக்கைப் பொறுத்தது.

முதலில் ரயில். லண்டன் யூஸ்டனில் ஏறினால் குரூவில் மாற வேண்டும், பாடிங்டனில் ஏறினால் நியூபோர்ட்டில் மாற வேண்டும். குரூ வழியாக வா. ஷ்ரூஸ்பரி தாண்டியதும் வலது பக்கம் இருந்தால் லோங் மிண்ட் மலை முழுக்கத் தெரியும், சின்னவன் யன்னலை விட்டு எழும்ப மாட்டான். குரூவில் மட்டும் கவனம். இரண்டு பெட்டியும் இரண்டு பிள்ளையுமாகப் படியேறி இறங்குவது தனி ஆளுக்குப் பெரும்பாடு. மருமகன் தம்பி கூட இருந்தால் பெட்டியை அவர் பார்த்துக்கொள்வார். வேலை என்றால் சரி. பெட்டியைச் சின்னதாகக் கட்டு, உடுப்பு இங்கே தோய்க்கலாம். மழைக்கோட்டை மட்டும் மறக்காதே.

கோட்டைக்கு முதல் நாளே போகலாம், நடந்தே போகும் தூரம்தானே. கடை வைத்திருந்த காலத்தில் வந்த சுற்றுலாக்காரர் எல்லோரும் கோட்டைக்கு வழி கேட்டுவிட்டுத்தான் தண்ணீர்ப் போத்தல் வாங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு அதன் வரலாறு பாடமாகிவிட்டது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி குடும்பம் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்முற்றத்தில் அந்த வட்டமான சிறு தேவாலயம் நிற்கிறது அல்லவா, அதற்குள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது பெரியவளுக்குப் பிடிக்கும். போனமுறை தம்பியும் அவளும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.

அம்மா வழக்கமாக அங்கே வைத்து ஆதர் இளவரசனின் கதையைச் சொல்லுவா. 8ஆம் ஹென்றியின் அண்ணன், ஸ்பெயின் நாட்டுக் கத்தரீனைக் கல்யாணம் செய்து இந்தக் கோட்டைக்கு வந்து, 1502 ஏப்ரலில் 15 வயதில் இங்கேயே இறந்துபோனான். உடல் வூஸ்டரில், இதயம் மட்டும் எங்கள் சென்ற் லோரன்ஸ் தேவாலயத்தில் என்று சொல்வார்கள். பிறகு அந்தப் பெண்ணை ஹென்றி கட்டினான். அதற்குப் பிறகு நடந்தது பிள்ளைகளுக்குத் தேவையில்லை. இந்தமுறை அந்தக் கதை வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டா.

நான் வேறு கதை வைத்திருக்கிறேன். இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் எட்வர்ட் கிளைவ். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்த ரொபர்ட் கிளைவின் மகன்தான் இவர். 1798 முதல் 1803 வரை சென்னைக்கு ஆளுநராக இருந்தவர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல். அப்போது சென்னைக் கோட்டையில் இருந்து ஆண்டவர் பின்னாளில் எங்கள் ஊர்க் கோட்டைக்குச் சொந்தக்காரர். இன்றைக்கும் அது அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் வேல்ஸில் இருக்கிற பவிஸ் கோட்டைக்குப் போனால் திப்பு சுல்தானின் கூடாரத்தையே பார்க்கலாம். பெரியவளுக்கு இதையெல்லாம் விளங்கிக்கொள்ளும் வயது வந்துவிட்டது. இந்த நாட்டுக்கும் எங்களுக்கும் இருக்கிற தொடர்பு நாங்கள் கடை போட்ட அன்று தொடங்கியதில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் யாராவது ஏதும் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

அடுத்தது ஸ்ரோக்சே. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேசன், கிரேவன் ஆம்ஸில் இறங்கி நடக்கலாம். கோட்டை என்று பெயர் இருந்தாலும் அது ஒரு வியாபாரியின் வீடு. லட்லோ லோரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 1281இல் அந்த இடத்தை வாங்கினான். பத்து வருடம் கழித்து, 1291இல், மதிலுக்குக் கோட்டை மாதிரி முகப்பு வைக்க அரசனிடம் அனுமதி வாங்கினான். 1294இல் கம்பளிக் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனான். அவன் கட்டிய பெரிய மண்டபமும் அதன் மரக்கூரையும் எழுநூறு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கின்றன. இங்கிலாந்தின் உள்நாட்டு யுத்தத்தில் சண்டை பிடிக்காமல் சரணடைந்ததால்தான் அந்த வீடு தப்பியது. பிரபுக்கள் கட்டிய எத்தனையோ கோட்டை இடிந்து கிடக்க, ஒரு வியாபாரி கட்டியது முழுதாக நிற்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். மஞ்சள் பூசிய வாசல் வீட்டு மரத்தில் ஆதாமும் ஏவாளும் செதுக்கியிருக்கிறார்கள், சின்னவனுக்குக் காட்டு.

நீ துணைத் தலைமை ஆசிரியை ஆன விசயம் கனடா மாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாமியோடு நீ அடிக்கடி கதைக்கிறாய் என்று விளங்குகிறது. நல்லது, கதை. ஆனால் அந்தச் செய்தியை முதலில் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அம்மா அன்றைக்கே கேசரி கிண்டிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தா. கடைக் கல்லாவுக்குப் பின்னால் பால் பெட்டியில் இருந்து வீட்டுப்பாடம் செய்த பிள்ளை இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிறாள் என்று பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமைதான், மகள். உனக்கு வேலை கூடியிருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு. படத்தில் மெலிந்துபோய் இருக்கிறாய். அந்தப் படத்திலும் நீங்கள் மூன்று பேர்தான். படம் எடுத்தது தம்பி என்று அம்மா சொல்கிறா. இருக்கலாம்.

சரி, வெயில் அடித்தால் சேர்ச் ஸ்ட்ரெட்டன், கார்டிங் மில் பள்ளத்தாக்கு. அது பழைய இடங்களைப் பராமரிக்கிற நாஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் இடம். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வரும், பிள்ளைகள் கல் அடுக்கி அணை கட்டலாம். ஆனால் ஓகஸ்ட்டிலும் ஐஸ் மாதிரிக் குளிரும், மாற்று உடுப்பும் துவாயும் கொண்டுவா. மேலே ஏறினால் லோங் மிண்ட், 516 மீட்டர். எனக்கு இனி அவ்வளவு ஏற முடியாது, பாதி வழியில் இருந்துகொள்வேன். சின்னவன் களைத்தால் தூக்க ஆள் வேண்டும். போனமுறை தம்பி அவனைத் தோளில் வைத்து உச்சிவரை போனார்.

மழை என்றால் அயர்ன்பிரிட்ஜ். 1779இல் வார்ப்பிரும்பால் கட்டிய பாலம், உலகத்தில் பெரிய இரும்புப் பாலம் என்று முதலில் வந்தது அதுதான். 378 தொன் இரும்பு. பக்கத்தில் கோல்புரூக்டேலில் 1709இல் ஆபிரகாம் டார்பி நிலக்கரியைக் கல்கரியாக்கி இரும்பு உருக்கிக் காட்டியிருக்காவிட்டால் அந்தப் பாலமும் வந்திருக்காது. சுங்க வீட்டில் தொங்குகிற கட்டணப் பலகையை வாசிக்க மறக்காதே. அரச குடும்பம் வந்தாலும் காசு கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பிறகு பிளிஸ்ட்ஸ் ஹில். விக்டோரியா காலத்து ஊர் ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். வங்கியில் இன்றைய காசைக் கொடுத்து அந்தக் காலப் பென்னி வாங்கிக் கடைகளில் செலவழிக்கலாம், பெரியவளுக்கு நல்ல கணக்குப் பாடம். ஒன்றை மட்டும் நினைவில் வை, அங்கே சிப்ஸ் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். பிள்ளைகள் வாசம் பிடித்து நச்சரிப்பார்கள், கொடுத்துவிடாதே. அம்மா இடியப்பமும் கட்லட்டும் கட்டித் தருவா.

கடைசியாக நீராவி ரயில். செவர்ன் வலி ரயில்வேயை நான் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், அதற்குத்தான் முன்கூட்டி டிக்கெட் எடுக்க நினைக்கிறேன். கிடர்மின்ஸ்டர் தொடங்கி பிரிட்ஜ்நோர்த் வரை 16 மைல், பெரும்பாலும் ஆற்றோரமாகவே போகும். சின்னவன் இதற்காகத்தான் வருகிறான் என்று எனக்குத் தெரியும். பியூட்லிக்குக் கிட்ட சபாரி பூங்கா யானைகள் ரயிலில் இருந்தே தெரியும். தம்பிதான் முதலில் கண்டு, அவனை யன்னலுக்குத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீராவி எஞ்சின் பற்றி எது கேட்டாலும் "அப்பாவுக்குத் தெரியும்" என்பான். கிடர்மின்ஸ்டருக்குக் காரில்தான் போக வேண்டும். எங்கள் காரில் ஐந்து பேர் இருக்கலாம். நானும் அம்மாவும் நீங்கள் மூன்று பேரும் என்றால் சரியாக இருக்கும். ஆறு பேர் என்றால் அம்மா வீட்டில் நிற்பதாகச் சொல்கிறா. சந்தோசமாக நிற்பேன் என்கிறா.

இன்னொரு விசயம். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு எடுத்துத் தருகிற நாஷனல் ட்ரஸ்ட் அட்டை இந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கக் கொம்பியூட்டரைத் திறந்தேன். குடும்ப அட்டை இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று இரண்டு பெரியவர்களும் பிள்ளைகளும். மற்றது ஒரு பெரியவரும் பிள்ளைகளும். முந்தியும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் கவனித்ததில்லை. இந்தமுறை எதை அமத்துவது என்று தெரியாமல் கனநேரம் இருந்துவிட்டேன். அம்மா வந்து பார்த்தா, ஒன்றும் பேசவில்லை. கடைசியில் இரண்டு பெரியவர் என்றதையே எடுத்தேன். பிழை என்றால் மாற்றலாம்.

உன் சொந்த விசயத்தில் நான் தலையிட்டதில்லை. கேட்காதே என்று மாமியும் சொன்னா, அதனால் கேட்கவில்லை. இதுவும் கேள்வி இல்லை. மாமி பெட்டியோடு திரும்பி வந்த அன்று அப்பப்பா கேற்றைத் திறக்காமல் நின்றது உனக்குத் தெரியும். திறந்தது யார் என்பதும் தெரியும். அப்போது எனக்கு மீசை கூட முளைக்கவில்லை, அப்பப்பாவுக்கு எதிரே நிற்கக் கால் நடுங்கியது. இப்போது இந்த வீட்டில் நான்தான் அப்பா, கேற்றுக்குப் பூட்டே இல்லை. ஒரு கிழமை நிற்க நினைத்து வந்தாலும், பள்ளிக்கூடம் தொடங்கும்வரை நிற்க நினைத்தாலும், அதற்கு மேலே என்றாலும் உன் அறை உன் அறைதான். சின்னவனுக்குக் கட்டில் வாங்கி வைத்திருக்கிறோம். எந்த நிலைமையிலும் தம்பியைப் பற்றி நான் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு குறைச் சொல் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொல்ல மாட்டா. இதை எழுதித் தருகிறேன், வைத்துக்கொள். நீயும் கண்டதையும் மனதில் போட்டு வருத்தாதே. நித்திரை கொள்.

தம்பிக்கு உண்மையிலேயே வேலைதான் என்றால், இந்தக் கிழவன் வீணாகக் கடிதத்தை நீட்டிவிட்டான் என்று நினைத்து இந்தப் பக்கத்தை விட்டுவிடு. அவர் சனி ஞாயிறுக்கு மட்டும் வந்தாலும் ஸ்டேசனுக்கு நான் போவேன்.

பெரியவளிடம் மோர்டிமர் காட்டைப் பற்றியும் சொல்லு. அங்கே நீண்ட மயிர் உள்ள மான் வகை ஒன்று இருக்கிறது, வேறெங்கும் கிடையாது. விடிய வெள்ளனப் போனால் காணலாம். அவள் வெள்ளன எழும்புவாள் என்றால் நான் கூட்டிப் போகிறேன். திரும்பும்போது டினம் பாலத்தடியில் வாத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இரண்டுதான். நீராவி ரயிலுக்கு எத்தனை பேர் என்று புதன்கிழமைக்கு முன்னம் சொல்லு. எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் போதும், வேறொன்றும் எழுத வேண்டாம். மற்றது சின்னவனின் சப்பாத்து அளவு. இங்கே சந்தைச் சதுக்கத்தில் பிள்ளைகளுக்கான வெலிங்டன் பூட்ஸ் மலிவாக வந்திருக்கிறது, பச்சையும் சிவப்பும். எந்த நிறம் என்று அவனையே கேள். மழைக்கோட்டு மூன்று பேருக்கும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா