முகம் தெரியாத முதுகுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகப் புகைப்பட தினக் கட்டுரையில், போராட்டத்துக்காக எடுத்த படங்களில் கலையைத் தேடக் கூடாது என்று ஒரு வரி. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் எர்னஸ்ட் கோல் எடுத்த சுரங்கப் படம், தபால்தலை அளவில். முப்பது வருடம் ஸ்டுடியோ இருட்டறையில் ஃபிலிம் கழுவியவனுக்கு அந்த வரியோடு வழக்கு இருக்கிறது.

கையில் பாஸ் புத்தகம் என்ற நடமாட்ட அனுமதி ஆவணம் இல்லாத கறுப்பரைத் தெருவிலேயே விலங்கு மாட்டி அழைத்துச் சென்ற நாடு அது. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதையும் தோலின் நிறமே தீர்மானித்தது. 1940இல் பிறந்த கோல், குடும்பப் பெயரான 'கோலே'யைச் சற்றே மாற்றிக் கலப்பினத்தவராகப் பதிவு செய்துகொண்டார். அதனால்தான் ஓரளவு நடமாடவும், 1966இல் வெளியேறவும் முடிந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த அவருடைய படநூலுக்குச் சொந்த நாட்டில் தடை.

சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. ஆண்கள் பிறந்த மேனியாகச் சுவரைப் பார்த்து, இரு கைகளையும் உயர்த்தி வரிசையாக நிற்கிறார்கள். தெரிவதெல்லாம் முதுகுகள்தான். ஒளித்து எடுத்த படம். முன்பக்கம் போக வழி இருந்திருக்காது. ஆனாலும் அவமானப்பட்டவனை மறுபடி அவமானப்படுத்தாமல், அவமானப்படுத்தியவனை மட்டும் காட்டிக்கொடுக்கிறது அந்தக் கோணம். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இன்னொன்று, நெரிசலான வகுப்பறையில் குந்தியிருக்கும் சிறுவன். பாடத்தைப் பிடித்துவிடும் தவிப்பில் அண்ணாந்து பார்க்கிறான். கறுத்த முகத்தில் வியர்வை மின்னுகிறது. அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. எங்கள் தொழிலில் அதுதான் அபூர்வம். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் நெகட்டிவிலிருந்து படம் அச்சிடும் என்லார்ஜரில் ஒளி விழும் நேரத்தை இரண்டு நொடி குறைத்துவிடுவோம், மாநிறம் சிவப்பாகிவிடும். வீட்டார் கேட்காமலேயே நானும் செய்திருக்கிறேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

1990 பிப்ரவரியில், மண்டேலா விடுதலையான சில நாட்களில் கோல் நியூயார்க்கில் இறந்தார். தொலைந்தன என்று நினைத்த 60,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் 2017இல் ஸ்வீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தன. அடுத்த முறை அவர் படம் ஒன்றையாவது முழுப்பக்கத்தில் போடுங்கள். தபால்தலை அளவில் அந்த உயர்ந்த கைகளைத் தேட எனக்கு பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

— ஓய்வுபெற்ற புகைப்படக்காரர், கும்பகோணம்